பியானோ வாசித்தவர் பெயர் என்ன?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். தமிழ் சினிமாப் பாட்டுகளுக்கு வாத்தியம் வாசித்தவர்களுக்கு எழுபது வருஷமாக ஓர் அநியாயம் நடந்துகொண்டிருக்கிறது. பாடியவர் பெயர் நமக்குத் தெரியும். எழுதியவர் பெயர் தெரியும். இசையமைத்தவருக்காக டீக்கடையில் சட்டையைப் பிடித்துக்கொள்வோம். பல்லவிக்கு முன்னால் எட்டு விநாடி ஒரு பியானோ வருகிறதே, அதைக் கேட்டதுமே என்ன பாட்டு என்று சொல்லிவிடுகிறோமே, அதை வாசித்தது யார்? வாயைத் திறக்க மாட்டோம். தெரிந்தால்தானே திறக்க!

நான் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சாண்ட்ரோ வெளிவர ஆரம்பித்த காலத்திலிருந்து இந்த வட்டாரத்தில் தெருவுக்கு நாலு பேருக்காவது 'பேட்ச் நம்பர்' என்றால் என்ன என்று தெரியும். உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு. காருக்குள் அது எங்கே இருக்கிறது என்று காரை வாங்கியவருக்கே தெரியாது. ஆனால் அதன் மேல் எண் உண்டு. அந்த எண்ணை வைத்து எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எந்த மெஷின் என்று ரிஜிஸ்டரைப் புரட்டிச் சொல்லிவிடலாம். ஒரு போல்ட்டுக்குக் கொடுக்கிற இந்த மரியாதையை ஒரு கலைஞனுக்கு ஏன் கொடுக்கவில்லை? என் கேள்வி அவ்வளவுதான்.

இது நடக்காத காரியம் என்பவர்களை அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துப் பக்கம் கொஞ்சம் பார்க்கச் சொல்கிறேன். நம் வயசுக்காரர்களுக்கு ஜிம் ரீவ்ஸ் தெரியும். பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் அவர் குரல்தான். 1959-ல் அவர் பாடிய 'ஹீல் ஹேவ் டு கோ' பாட்டில் பியானோ வாசித்தவர் ஃப்ளாய்ட் கிரேமர். கூலிக்கு வாசித்தவர்தான். 1956-ல் எல்விஸ் பிரெஸ்லியின் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' பாட்டுக்கும் அவர் விரல்தான். பக்கத்து சுரத்தைத் தொட்டு உரிய சுரத்துக்குச் சறுக்கி வருகிற ஒரு பாணியை நாட்டுப்புற இசைக்குள் நிலைக்க வைத்தவர் அவர். 2003-ல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைப் பொறித்தார்கள்.

இன்னொருவர் ஹார்கஸ் ராபின்ஸ். 1938-ல் டென்னசியில் பிறந்தவர். சின்ன வயசிலேயே கண்பார்வை போய்விட்டது. பார்வையற்றோர் பள்ளியில் பியானோ படித்தார். 'பிக்' என்று பட்டப்பெயர். 1959-ல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாட்டுக்கு வாசித்ததில் கவனம் விழுந்தது. 1966-ல் பாப் டிலன் 'ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்' பதிவு செய்ய நாஷ்வில் வந்தபோது பியானோவில் இவர். 1977-ல் கிரிஸ்டல் கேல் பாடி உலகமெல்லாம் ஓடிய பாட்டின் ஆரம்ப பியானோவும் இவருடையது. 1975-ல் வந்த 'நாஷ்வில்' படத்தில் ஒரு பாடகர், தான் கேட்ட பிக் வராமல் வேறொருவர் பியானோவில் உட்கார்ந்திருப்பதற்காகக் கத்துவார். ஒரு செஷன் பியானோக்காரர் பெயரைச் சொன்னால் தியேட்டரில் சிரிப்பு வரும் என்கிற அளவுக்கு அந்தப் பெயர் புழங்கியது. 2012-ல் அவரும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். 2022-ல் இறந்தபோது பெரிய பத்திரிகைகள் இரங்கல் எழுதின.

அங்கே எல்லாரும் தர்மவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் அந்தக் காலத்து ரெக்கார்டு அட்டைகளில் வாத்தியக்காரர் பெயர் பெரும்பாலும் இருக்காது. பிறகு எப்படித் தெரிந்தது? காகிதம், ஐயா, காகிதம்! இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தப்படி ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, ஸ்டூடியோ, பாட்டு, வாசித்தவர்கள் என்று ஒரு தாள் எழுதிச் சேர்த்தார்கள். அறுபது வருஷம் கழித்து ஆராய்ச்சி செய்கிறவர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துப் பெயரைச் சொல்கிறார். ரெக்கார்டு விற்பனையிலிருந்து வாசித்தவர்களுக்கு ஒரு சிறு பங்கு கொடுக்க 1964 முதல் தனி நிதியும் வைத்தார்கள். பெயர் தாளில் இருந்ததால் பணமும் வழி தெரிந்து வந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் ஆட்கள் திறமையில் குறைந்தவர்களா? காலை ஏழு மணிக்கு ஏவி.எம்., பிரசாத் ஸ்டூடியோக்களில் உட்கார்ந்து, அன்றைக்கு எழுதிய நோட்ஸை அன்றைக்கே பார்த்து வாசித்தார்கள். இருபது முப்பது பேர் ஒன்றாக வாசிக்க, கடைசி வரியில் ஒருவர் தவறினால் முதலிலிருந்து மறுபடி. அப்படி வந்த பாட்டுகள்தான் இன்றைக்கும் நம் பஸ்ஸில் ஓடுகின்றன. இளையராஜாவின் பாட்டுகளில் பியானோவும் கீபோர்டும் வாசித்த விஜி மானுவேல் பெயர் நம் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? இளையராஜாவுக்கு மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டரைக்கூட சிஷ்யர் வாயால் கேட்டதால்தான் நாம் அறிவோம்.

1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஒலிப்பதிவு எப்படி நடக்கிறது என்று காட்டும் ஒரு பாட்டு உண்டு. எம்.எஸ்.வி. நடுவில் நின்று கைகாட்டுவார். சுற்றிலும் வாத்தியக்காரர்கள். முகத்தைக் காட்டினார்கள், பெயரைச் சொல்லவில்லை. மற்ற படங்களில் அந்த முகமும் கிடையாது. கதாநாயகன் கோட்டு மாட்டிக்கொண்டு பியானோ முன்னால் உட்கார்ந்து விரலை ஆட்டுவார், நாமும் கைதட்டுவோம்.

இதில் ஒரு வேடிக்கை. நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் இரண்டு பேருமே கூலிக்கு வாசித்தவர்கள். 'அன்னக்கிளி' 1976-ல் வருவதற்கு முன்னால் இளையராஜா ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர், மற்றவர்களுக்கு கிதாரும் ஆர்கனும் வாசித்தவர். ரஹ்மானின் அப்பா ஆர்.கே. சேகர் மற்ற இசையமைப்பாளர்களுக்கு வாத்திய அமைப்பும் நடத்துகையும் செய்தவர். 1976-ல் அவர் போய்விட்டார். பையனுக்கு ஒன்பது வயசு. வீட்டிலிருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. பதினோரு வயசிலிருந்து அந்தப் பையன் கீபோர்டு வாசிக்கப் போனான். 1992-ல் 'ரோஜா' வந்ததால் அந்த வருஷங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார்கள். வராமலே போயிருந்தால்? அதே விரல், அதே பாட்டு, ஆனால் திலீப் என்று ஒருவர் வாசித்தார் என்பதே உலகத்துக்குத் தெரிந்திருக்காது. நான் கேட்பது, 'ரோஜா' வராத திலீப்புகளின் கணக்கு.

இதைச் சொன்னால் மூன்று பதில்கள் வருகின்றன.

முதல் பதில்: "சம்பளம் வாங்கிவிட்டார் அல்லவா?" பாடகரும் வாங்கினார், கவிஞரும் வாங்கினார். அப்படியிருந்தும் பாட்டெழுதுபவருக்கும் இசையமைப்பவருக்கும் ராயல்டி போகவேண்டும், அதை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல காரியம். கூலி வாங்கினால் உரிமை போய்விடாது என்பது அவர்களுக்குப் பொருந்தும், வயலின்காரருக்குப் பொருந்தாதா?

இரண்டாவது பதில்: "இசையமைப்பாளர் ஒவ்வொரு நோட்டையும் எழுதிக் கொடுக்கிறார், வாசிப்பவர் பார்த்து வாசிக்கிறார்." வசனத்தை எழுதிக் கொடுப்பவரும் ஒருவர்தான். அதைப் பார்த்துப் பேசிய நடிகரின் பெயரை யாராவது விடுவார்களா? சுரத்தைத் தாளில் எழுதலாம். விரல் எவ்வளவு அழுத்தி விழவேண்டும், எங்கே ஒரு நூல் அளவு தாமதிக்கவேண்டும் என்பதை எழுத முடியாது. அது வாசிப்பவரின் சொத்து.

மூன்றாவது பதில்: "இத்தனை பேர் பெயரை எங்கே போடுவது?" படம் ஆரம்பிக்கும்போது 'நன்றி' என்று ஒரு பட்டியல் ஓடுகிறதே, வீடு கொடுத்தவர், மண்டபம் கொடுத்தவர் வரைக்கும் அதில் இடம் இருக்கிறது. ரஹ்மான் தன் கேசட், சிடி அட்டைகளில் புல்லாங்குழல் நவீன், பேஸ் கிதார் கீத் பீட்டர்ஸ் என்று போட்டார். அட்டை ஒன்றும் கிழிந்துவிடவில்லை. இன்றைக்கு அட்டையே இல்லை, செல்போன்தான். அதில் இடத்துக்கா பஞ்சம்?

இது வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் அதே காப்புரிமைச் சட்டத்தை ஒருமுறை படிக்கட்டும். 1994-லேயே நிகழ்த்துகிற கலைஞருக்குத் தனி உரிமை கொடுத்தார்கள். 2012 திருத்தத்தில் தன் பெயரைச் சொல்லக் கேட்கும் உரிமையும் சேர்ந்தது. ஆனால் அதே திருத்தத்தில் ஒரு வாக்கியத்தை நுழைத்தார்கள். சினிமாவில் ஒருவர் பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயரை டைட்டில் உட்பட எங்கேயும் போடுவதில்லை என்றால், அவரை நிகழ்த்துகிற கலைஞராகவே கணக்கில் எடுக்க வேண்டாம்! வாசிப்பைச் சிதைத்தால் தடுக்கலாம் என்கிற ஓர் உரிமையை மட்டும் மிச்சம் வைத்தார்கள். புரிகிறதா? பெயர் போடாதது முதல் குற்றம். பெயர் போடாத வழக்கத்தையே காரணமாகக் காட்டி உரிமையை மறுக்க வழி விட்டது இரண்டாவது குற்றம். பாட்டின் முதல் எட்டு விநாடியைத் தாங்குகிற பியானோ 'துணை' என்றால் வீட்டுக்கு அஸ்திவாரமும் துணைதான்.

எம்.பி. சீனிவாசன் போன்றவர்கள் பாடுபட்டுத்தான் இங்கே திரை இசைக்கலைஞர்களுக்கு ஒரு சங்கம் உண்டாயிற்று. கூலிக்கும் நேரத்துக்கும் அவர்கள் போராடினார்கள். அடுத்த போராட்டம் பெயருக்கு. இனி வருகிற ஒவ்வொரு பாட்டுக்கும் யார் என்ன வாசித்தார் என்ற தாள் இல்லாமல் சம்பளம் பட்டுவாடா ஆகக்கூடாது. பாட்டை செல்போனில் ஏற்றும் கம்பெனி அந்தத் தாளையும் ஏற்றவேண்டும். பழைய பாட்டுகளுக்கு, மிஞ்சியிருக்கும் பேமென்ட் ரிஜிஸ்டர்களைத் தூசி தட்டி எடுத்துப் படம்பிடித்து வைக்கவேண்டும். பெரிய செலவு இல்லை. எங்கள் தொழிற்சாலைகளில் கான்ட்ராக்ட் பையன்கள் தினமும் செய்கிற வேலை.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பாட்டுகளுக்கு வாசித்தவர்களுக்கு இன்றைக்கு எழுபது, எண்பது வயசு. வடபழனி, கோடம்பாக்கம், சாலிகிராமம் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரரோ பழைய சிநேகிதரோ அப்படி ஒருவர் இருந்தால், பேரப்பிள்ளையை செல்போனோடு கூட்டிக்கொண்டு போங்கள். எந்தப் பாட்டு, எந்த ஸ்டூடியோ, என்ன வாத்தியம், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர் யார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். தேதி போடுங்கள். அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வருஷமே செய்யுங்கள்.