குறைந்த செலவு: யாருடைய கணக்கில்?

“குறைந்த செலவு” என்ற இரு சொற்களைப் போல் புத்தளத்துக் கரையை வாயடைக்கச் செய்தவை வேறில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைப் பற்றி எவர் வாய் திறந்தாலும், “கணனி தந்த விடை இது, கணிதத்தோடு வழக்காடலாமா?” என்கிறார்கள். வழக்காடலாம். வழக்காடவும் வேண்டும்.

இலங்கை மின்சார சபை தன் நீண்டகால உற்பத்தித் திட்டங்களுக்குப் பல்லாண்டுகள் நம்பியிருந்த மென்பொருள் ‘வாஸ்ப்’. சர்வதேச அணுசக்தி முகவரகத்துக்காக 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. எந்த ஆண்டில் எந்த நிலையத்தைக் கட்டினால் மொத்தச் செலவு மிகக் குறையும் என்பதை, ரிச்சர்ட் பெல்மன் 1950-களில் வகுத்த ‘டைனமிக் புரோகிராமிங்’ முறையால் தேடுவது. அதன் தேடும் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அது குறைப்பது நாம் எழுதிக்கொடுத்த செலவை மட்டுமே. எழுதாத செலவு அதற்குப் பூச்சியம்.

தென்மேல் பருவக்காற்று ஓய்ந்து கடல் அடங்கும் மாதங்களிலேயே நிலக்கரிக் கப்பல்கள் வருகின்றன. கரைவலை இழுப்போருக்கும் அம்மாதங்களே பிழைப்பு. இழந்த வலைப்பாட்டை எந்த நிரலில் எழுதினார்கள்?

இன்னொன்று, கழிவு வீதம். சபையின் திட்டங்கள் 10 சதவீதத்தைக் கொண்டன. இதன்படி, 20 ஆண்டு கழித்து நேரும் 100 ரூபா சேதம் இன்றைய கணக்கில் ஏறக்குறைய 15 ரூபா. பேரப்பிள்ளைகளின் இருமல் இவ்வாறுதான் மலிவாகிறது.

ஏழைக்கு மலிவான மின்சாரம் வேண்டாமா என்பர். வேண்டும். 2022 மார்ச்சில் நாளுக்குப் பல மணி நேரம் இருளில் கிடந்த நாடு இது. நுரைச்சோலையின் 900 மெகாவாட் இல்லாதிருந்தால் அவதி பெருகியிருக்கும். ஆயினும் 2025 பெப்ரவரி 9 அன்று நாடே இருண்டபோது, அங்குள்ள மூன்று இயந்திரங்களும் ஒருசேர நின்று, மீண்டும் இயங்க நாட்கள் எடுத்தன. எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைப்பதன் விலையும் செலவுதானே?

2017-இல் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு புதிய நிலக்கரி நிலையங்கள் இல்லாத திட்டத்துக்கு இசைந்தது. சபைப் பொறியியலாளர்கள் கொதித்தெழுந்தனர். எரிபொருள் விலையையும் சூழற்கேட்டையும் எவ்வாறு எண்ணுவது என்பதில்தான் பிணக்கு. ஆக, உள்ளீடு மாறினால் ‘உகந்த’ விடையும் மாறும் என்பதை வல்லுநர்களே மெய்ப்பித்துவிட்டனர்.

நான் கேட்பது மூன்று. அதே தரவுகளைச் சுயாதீனமான பல்கலைக்கழகக் குழுவொன்று வேறொரு மென்பொருளில் இட்டுப் பார்க்கட்டும். கழிவு வீதத்தைப் பாதியாக்கினால் வரிசை எங்கே புரளுகிறது என்று காட்டட்டும். கரையின் இழப்பைத் தொகையாக எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடட்டும்.

அதன் பிறகும் நிலக்கரியே மலிவு என்று விடை வந்தால் ஏற்றுக்கொள்வேன். அதுவரை, அந்த மலிவுக்கான மீதிப் பணத்தைக் கற்பிட்டிக் கரையோர மக்களே கட்டுகிறார்கள் என்று எழுதிக்கொண்டே இருப்பேன்.