டவர் இல்லை என்று சொன்னால் போதுமா?



“டவர் இல்லை.” பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் பூலாம்பாடியில் ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்த வார்த்தை காதில் விழுகிறது! மொட்டை மாடியில் நின்று சொல்கிறோம். தெரு முனைக்கு ஓடிப்போய்ச் சொல்கிறோம். சொல்லிவிட்டு செல்லை பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறோம். அதோடு சரி!

நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் ஊரில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் அப்பா வெளிநாட்டில் வேலை செய்கிறார். அவர் பேசும்போது பாதியிலேயே கட்டாகிவிடும். ஒரு நாள் அம்மா கேட்டார்கள், “நீ இதத்தானடா தம்பி படிக்கிற? என்னன்னு கொஞ்சம் பாரேன்.” “டவர் இல்லம்மா” என்றேன். அது அம்மாவுக்கே தெரியுமே! அதைச் சொல்ல எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷனில் மூன்று வருடப் படிப்பு எதற்கு? எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். அன்றைக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அதன்பிறகு அளந்து பார்த்தேன். நண்பர்களே, செல்லில் தெரியும் பாயிண்டை நம்பாதீர்கள்! எத்தனை சிக்னலுக்கு எத்தனை பாயிண்ட் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. உண்மையான கணக்கு டிபிஎம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு செல்களில் செட்டிங்ஸ் போய், அபௌட் ஃபோன், சிம் ஸ்டேட்டஸ் என்று பார்த்தால் அந்த எண் இருக்கும். 4ஜி-யில் மைனஸ் 90-க்குள் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110-ஐத் தாண்டினால் திணறும். 10 டிபி குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்கு, 20 டிபி குறைந்தால் நூறில் ஒரு பங்கு. நாம் வகுப்பில் படித்த அதே லாகரிதம்தான்!

எங்கள் வீட்டு அடுப்படியில் மைனஸ் 117. வாசலில் மைனஸ் 97. பத்தடி தூரத்தில் நூறு மடங்கு வித்தியாசம்! காரணம் மலை அல்ல, தலைக்கு மேல் இருந்த தகர ஷீட். ரேடியோ அலை தகரத்தைத் தாண்டாது. இப்போது அப்பாவிடமிருந்து ஃபோன் வந்தால் அம்மா வாசல் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். கட்டாவதில்லை.

அப்படியானால் எல்லாம் நம் வீட்டுக் குற்றம்தானா? இல்லை! மலைப் பக்கம் கடைசித் தெருவில், திறந்த வெளியில், இரண்டு கம்பெனி சிம்மையும் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே மைனஸ் 112, 114. அங்கே வாசலுக்கு வந்தும் பயனில்லை. அது கம்பெனிதான் சரிசெய்ய வேண்டிய குறை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவன்தானே டெக்னீஷியன்?

பிரித்துப் பார்க்காதவர்கள் பூஸ்டர் வாங்குகிறார்கள். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அது மட்டுமா? 4ஜி-யில் நம் செல் அனுப்பும் சக்தி பொதுவாக அதிகபட்சம் 200 மில்லிவாட்தான். அந்தச் சின்னக் குரலை டவர் காது கொடுத்துக் கேட்கும்போது, கண்ட பூஸ்டரும் பக்கத்தில் இரைச்சல் போட்டால் என்ன ஆகும்? ஒரு வீட்டுக்கு நல்லது செய்யப்போய் ஊருக்கே கெடுதல்!

புகார் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கஸ்டமர் கேரில் சொன்னால் போதாது, புகார் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். 2012-இல் வந்த டிராய் விதி இது. தனி ஆள் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. எங்கெங்கே சேவை உண்டு என்று வரைபடம் வெளியிட வேண்டும் என்பது 2024-ஆம் ஆண்டு விதி. வரைபடத்தில் நம் தெரு பச்சையாக இருந்து, கையில் மைனஸ் 114 இருந்தால்? அதுதான் நம் ஆதாரம்!

கொரோனா காலத்தை மறந்திருக்க மாட்டோம். 2020, 2021-இல் ஆன்லைன் வகுப்புக்காக மலையோரக் கிராமத்துப் பிள்ளைகள் மரத்திலும் பாறையிலும் ஏறி உட்கார்ந்தார்கள். பேப்பரில் படம் வந்தது, பரிதாபப்பட்டோம். ஆனால் எந்த மரத்தடியில் எத்தனை டிபிஎம் என்று யார் எழுதி வைத்தோம்?

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் எத்தனையோ கிராமங்களிலிருந்து நாம் வருகிறோம். ஆளுக்கு ஒரு தாள் போதும். அவரவர் ஊரில் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாப், கடைசித் தெரு என நாலு இடம். வெளியே நின்று, இரண்டு சிம்மில், காலையிலும் மாலையிலும் அளந்து எழுதுவோம். எல்லாவற்றையும் சேர்த்தால் இரண்டு மாவட்டத்துக்கும் ஒரு சிக்னல் வரைபடம்! அதைக் கம்பெனிக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் பேரவை பெயரில் கொடுப்போம். “டவர் இல்லை” என்று ஆயிரம் பேர் சொன்னால் அது புலம்பல். எண்ணோடு நூறு பேர் எழுதிக் கொடுத்தால் அது கோரிக்கை.

ஊரில் ஒவ்வொரு அம்மாவும் நம்மைப் பார்த்து “நீ இதத்தானே படிக்கிற?” என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்லப்போகிறோம் நண்பர்களே?