நுரை வேறு, சுத்தம் வேறு

போன மாதம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: "பென்ஷன் போதலையா சார்? வீட்ல பூந்திக்கொட்டை வேக வைக்கறீங்களாமே!" கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் ஐந்து வீடுகளில் வேலை செய்கிறார். ஒருநாள் காபி டம்ளரை நீட்டியபோது அவர் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் வெடித்து, தோல் உரிந்து சிவந்திருந்தது. சோப்புத் தண்ணீரில் கை வைக்காதே என்றாராம் டாக்டர். கை வைக்காமல் அவர் எப்படிப் பிழைப்பது? பூந்திக்கொட்டை வேக ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். பென்ஷன் குறைவால் அல்ல.

முதல் எதிர்ப்பு அவரிடமிருந்தே வந்தது. "நுரையே வரலையே சார், இதுல எப்டி அழுக்கு போவும்?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நுரைதான் சுத்தம் என்று தொலைக்காட்சி நம் எல்லோருக்கும் பாடம் நடத்தியிருக்கிறது. அது தவறான பாடம். சந்தேகம் இருந்தால், முன்பக்கம் கதவு திறக்கும் வாஷிங் மெஷினுக்கு விற்கும் சோப்புத் தூளைக் கவனியுங்கள். நுரை குறைவாக வரும்படிதான் அதைத் தயாரிக்கிறார்கள், நுரை அதிகமானால் அந்த மெஷின் சரியாக அலசாது என்பதால். மெஷினுக்கு நுரை வேண்டாம், மனிதர் கைக்கு மட்டும் வேண்டுமாம்!

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சலவைக்கு 'லெசீவ்' என்று ஒரு சொல் பாடத்தில் வந்தது. சாம்பலைக் கரைத்து வடித்த காரநீருக்கும் அதே பெயர்தான் என்றார் வாத்தியார். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கிராமங்களில் பெரிய தொட்டியில் துணியை அடுக்கி, மேலே சாம்பலைப் பரப்பி, வெந்நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றுவார்களாம். எங்கள் தெருத் துணிகள் உவர்மண்ணில் ஊறி வெள்ளாவியில் வெந்தது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. நாடு வேறு, வேதியியல் ஒன்றுதான். அடுப்புச் சாம்பலின் காரம் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தது. புளியின் புளிப்பு பித்தளைக் களிம்பைக் கரைத்தது. இரண்டிலும் நுரை கிடையாது. நம் அம்மாமார் தேய்த்த குத்துவிளக்கில் முகம் தெரியவில்லையா?

நம் பக்கத்தில் பல வீடுகளில் போர்வெல் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் போடுகிறோம். பிறகு வழவழப்புப் போக இன்னும் ஒரு பக்கெட் தண்ணீர். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதை அதற்குள் மறந்துவிட்டோம்.

அதே ஆண்டுக் கடைசியில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் வெள்ளை நுரை பொங்கிக் கிடந்தது. கழிவுநீரும் சோப்புக் கழிவும் சேர்ந்த அந்த நுரையைக் குழந்தைகள் அள்ளி விளையாடினார்கள். அது அடையாற்றுப் பக்கம், நமக்கென்ன என்று சொல்ல வேண்டாம். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம். ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் கழிவுக்குக் கூவம் இருக்கிறது. ஆறு வேறு, பழக்கம் ஒன்று.

இயற்கை என்ற பெயரில் வாட்ஸாப்பில் வரும் எல்லாவற்றையும் நான் ஆதரிக்கவில்லை. வினிகரில் சமையல் சோடாவைப் போட்டால் பொங்கும். பொங்குவதைப் பார்த்து மயங்காதீர்கள். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புநீர். பூந்திக்கொட்டை கிருமிநாசினி அல்ல. வீட்டில் வாந்திபேதி என்றால் பிளீச்சிங் பவுடர்தான். ஆனால் அதைக் கழிவறை ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பூந்திக்கொட்டை நீரும் கண்ணில் பட்டால் எரியும், மீனுக்கும் ஆகாது. எதையும் அளவோடுதான் ஊற்ற வேண்டும்.

கேட்பவர்களுக்காகச் செய்முறை: விதை நீக்கிய பூந்திக்கொட்டை 20, தண்ணீர் ஒரு லிட்டர். இரவு ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டுங்கள். வெளியே வைத்தால் கெட்டுவிடும். பிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். பாத்திரத்துக்கும் பட்டுத் துணிக்கும் இது போதும். குழாயில் படியும் வெள்ளை உப்புக்குப் பிழிந்த எலுமிச்சைத் தோல். அதைப் பளிங்குத் தரையில் மட்டும் தேய்க்காதீர்கள், பளபளப்புப் போய்விடும்.

இன்னொன்று. கொட்டையை வேக வைப்பதும் வடிகட்டுவதும் என் வேலை. மனைவி தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவதற்கு 'இயற்கை வாழ்வு' என்று பெயர் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. காலையில் நடக்கத் தெம்பு இருக்கிறவருக்கு அடுப்படியில் கால் மணி நேரம் நிற்கவும் தெம்பு இருக்கும்.

அந்த அம்மாளின் கை ஆறிவிட்டதா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் எரியவில்லை என்கிறார். முழுதாக ஆறவில்லை. மற்ற நான்கு வீடுகள் இருக்கின்றனவே. அதில் ஒன்று, ஏரிக்கரையில் என்னைக் கேலி செய்த நண்பருடையது.