இடைவெளி குற்றமன்று

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் எமது பழைய மாணவி ஒருவர் கணவருடனும் இரு பிள்ளைகளுடனும் எம் இல்லத்துக்கு வந்திருந்தார். விஞ்ஞானப் பட்டதாரியான அவர் ஆய்வுகூடம் ஒன்றிலே நான்கு ஆண்டுகள் பணிபுரிந்தவர். முதற்பிள்ளை பிறந்ததும் பணியை விட்டார். பின்னர் மாமியார் பாரிசவாதத்தினாற் படுக்கையில் வீழ்ந்தார். அவரைப் பராமரிப்பதிலும் பிள்ளைகளை வளர்ப்பதிலுமாகப் பத்து ஆண்டுகள் சென்றன. மாமியார் சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். இப்பொழுது குடும்பத்தோடு வெளிநாடு சென்று முதுமாணிப் பட்டம் பெற வேண்டும் என்பது இவரது விருப்பம்.

அவர் கொண்டுவந்த விண்ணப்பத்தை வாசித்தோம். அந்தப் பத்து ஆண்டுகளை அதிற் காணவில்லை. அவற்றுக்குப் பதிலாக, உறவினர் ஒருவரின் கடையிற் கணக்குப் பார்த்ததாக ஒரு பொய்ச் சான்றிதழ் இணைக்கப்பட்டிருந்தது.

"வீட்டில் இருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஐயா" என்றார்.

"பிள்ளை, வெட்கப்பட வேண்டியது இந்தச் சான்றிதழுக்குத்தான்" என்றோம்.

பொய்ப் பத்திரம் சமர்ப்பித்தமை வெளிப்படின், விசா மறுக்கப்படுவதோடு காரியம் முடிந்துவிடாது. அவுஸ்திரேலியா 3 ஆண்டுகளுக்கும், கனடா 5 ஆண்டுகளுக்கும், பிரித்தானியா 10 ஆண்டுகள் வரைக்கும் கதவை அடைத்துவிடக்கூடும். ஒருவர் செய்த பிழை, உடன் விண்ணப்பித்த குடும்பத்தார் அனைவரையும் பாதிப்பது அவுஸ்திரேலிய விதி.

அப்படியாயின் உண்மையை எவ்வாறு எழுதுவது? அவுஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு, 'மெய்யான மாணவர்' என்னும் நிபந்தனை 2024 மார்ச் 23 முதல் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பகாரரின் இன்றைய நிலை யாது, இந்தப் பாடநெறியைத் தெரிந்தெடுத்தது ஏன், அதனால் விளையும் பயன் யாது என்பன போன்ற வினாக்கள் கேட்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் 150 சொற்களுக்குள் விடை எழுத வேண்டும். இடைவெளியைக் கூற இரண்டு வாக்கியங்கள் போதும்: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை; என்ன காரணம். மூன்றாவது வாக்கியமே முக்கியமானது. கல்விக்குத் திரும்புவதற்கு நாம் இதுவரை செய்த ஆயத்தம் என்ன என்பதை அது கூற வேண்டும். அண்மையிற் கற்ற குறுங்காலப் பாடநெறியையும் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேற்றையும் அங்கே குறிப்பிடலாம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பெறுபேறு 2 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதை மறத்தலாகாது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் மாமியாரின் மருத்துவ அறிக்கைகளும் சொன்னதற்குச் சான்றாகும்.

அடுத்தது குடும்பம். நாட்டைத் தெரிவு செய்யுமுன்னரே இதனைக் கணக்கிட வேண்டும். பிரித்தானியாவிலே 2024 ஜனவரி 1 முதல், வகுப்புவழிக் கற்கும் முதுமாணி மாணவர், அரச புலமைப்பரிசில் பெற்றவராயினன்றி, குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. கனடாவிலே 2025 ஜனவரி 21 முதல், முதுமாணி மாணவரின் துணைவர் திறந்த வேலை அனுமதி பெறுவதற்கு, பொதுவாகப் பாடநெறி 16 மாதங்களுக்குக் குறையாததாக இருத்தல் வேண்டும். அவுஸ்திரேலியாவிலே முதுமாணி மாணவரின் துணைவர் நேரக் கட்டுப்பாடின்றி வேலை செய்யலாம். ஆயினும், 2024 மே 10 முதல், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்காக மாணவருக்கு 29,710 டொலரும், துணைவருக்கு 10,394 டொலரும், பிள்ளை ஒருவருக்கு 4,449 டொலரும் கையிருப்பாகக் காட்ட வேண்டும் என விதிக்கப்பட்டது. எம்முன் இருந்த நால்வருக்கும் கூட்டிப் பார்த்தால் 49,002 அவுஸ்திரேலிய டொலர். கல்விக் கட்டணம், பயணச் செலவு, பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணம் ஆகியன வேறு. இவ்விதிகள் அடிக்கடி மாறுவன. ஆதலால், விண்ணப்பிக்கும் வேளையில் அந்தந்த அரசின் அறிவித்தலையே பார்த்தல் வேண்டும்.

இந்தத் தொகையைக் கேட்டதும் மாணவியின் முகம் வாடியது. அதுவரை பேசாதிருந்த கணவரை நோக்கினோம். அவர் வங்கி ஊழியர். பன்னிரண்டு ஆண்டுச் சேவை உடையவர். "நீங்கள் சென்றால் உங்கள் உத்தியோகத்திலும் ஓர் இடைவெளி விழுமே?" என்று வினவினோம்.

"இவள் பத்து வருடம் வீட்டில் நின்றபடியால்தானே நான் நிம்மதியாக வேலைக்குப் போனேன், ஐயா. அம்மாவைக் குளிப்பாட்டியதும் இவள்தான். இனி எனது முறை" என்றார் அவர்.

மாணவி தலைகுனிந்து கண்களைத் துடைத்துக்கொண்டார். பின்னர் அந்தப் பொய்ச் சான்றிதழைத் தாமே எடுத்துக் கிழித்தார். புதிய தாளொன்றில், மாமியாரையும் பிள்ளைகளையும் பராமரித்த ஆண்டுகளைத் தம் கையாலேயே எழுதினார்.

பணம் திரட்ட இன்னும் ஓராண்டு செல்லும் என்கிறார்கள். செல்லட்டும். அவ்வோராண்டில் அவர் ஆங்கிலப் பரீட்சைக்குப் படிப்பார்; தமக்குக் கற்பித்த விரிவுரையாளர்களைத் தேடிச் சென்று சிபாரிசுக் கடிதமும் பெறுவார்.

இவரைப் போன்ற பெண்கள் எமது குடும்பங்களிற் பலர் உளர். வீட்டைத் தாங்கிய ஆண்டுகளை மறைக்குமாறு அவர்களுக்கு எவரும் புத்தி சொல்லாதிருப்பாராக. அவர்களின் கணவன்மார், "இனி எனது முறை" என்று ஒருமுறை சொல்லிப் பார்ப்பாராக.