காய்ப்புழு 'பழகியது' எப்படி?

"புழு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று பருத்தி விவசாயிகள் சொல்லக் கேட்கிறோம். இப்படி நினைப்பதே நமக்கு நஷ்டத்தை உண்டாக்குகிறது என்பது என் கருத்து.

எந்த உயிரணுவிலும் டி.என்.ஏ. என்ற இழை உண்டு. அது முறுக்கிய கயிற்றேணி போன்றது. அதன் படிகள் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆனவை. ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி என்று ஜோடி சேரும். உயிரணு பிரியுமுன் ஏணி நடுவில் பிளந்து, ஒவ்வொரு பாதியும் தனக்குரிய ஜோடியைச் சேர்த்து முழு ஏணியாகிறது. இந்த அமைப்பை 1953-ல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டார்கள்.

கிரயப் பத்திரத்தை நகல் எடுப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், எப்போதாவது சர்வே எண்ணில் ஓர் இலக்கம் பிசகிவிடும். டி.என்.ஏ. நகலிலும் அப்படித்தான். உயிரணுவே சரிபார்த்துத் திருத்திய பிறகும், ஏறக்குறைய நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை தங்கிவிடும். கதிர்வீச்சாலும் சில ரசாயனங்களாலும் பிழை கூடும். இதுவே திடீர் மாற்றம். முட்டையிலோ விந்தணுவிலோ நேர்ந்தால் அது குஞ்சுக்கும் போய்ச் சேரும்.

இனி இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைப் பாருங்கள். நம் நாட்டில் பி.டி. பருத்திக்கு 2002-ல் அனுமதி கிடைத்தது. அதிலுள்ள நச்சு, புழுவின் குடல் சுவரிலுள்ள ஒரு புரதத்தில் ஒட்டிக்கொண்டு குடலைத் துளைக்கும். நகல் பிழையால் அந்தப் புரதம் கெட்டுப்போன புழுவிடம் நச்சு ஒட்டாது. கோடிக்கணக்கான புழுக்களில் இப்படிச் சில முன்பே இருந்திருக்கும். பருத்தி மற்றவற்றைக் கொன்றது. இவை பிழைத்துப் பெருகின. 2010-ல் குஜராத்தில் இது உறுதியானது. 2006-ல் வந்த இரண்டு மரபணுப் பருத்தியையும் சில ஆண்டுகளில் புழு தாக்கியது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் கெட்ட நகல் வந்தால்தான் புழு தப்பும். ஆகவேதான் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் கொடுத்தார்கள். அதில் வளரும் அந்துப்பூச்சிகளோடு கலந்தால் குஞ்சுகள் நச்சுக்குச் சாகும். நம்மில் பலர் அந்தப் பொட்டலத்தை விதைக்கவில்லை. ஓரேக்கர்க்காரர் நிலத்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விட மனம் வராதது இயல்பே. காரணத்தை விளக்கிச் சொன்னவர்களும் குறைவு.

எனவே, பருத்தியைச் சுற்றிச் சாதாரண விதையைத் தவறாமல் ஊன்றுங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிக்காதீர்கள். மறுதாம்பு விடாமல், கடைசி எடுப்பு முடிந்ததும் பருத்திமாரைப் பிடுங்கி அழியுங்கள். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்துப் பூச்சியின் வரவை அறிந்து, பிறகு மருந்தைத் தொடுங்கள். ஒருவர் மட்டும் செய்தால் பயனில்லை. அந்துப்பூச்சிக்கு வரப்பு தெரியாது. ஊர் கூடிச் செய்யுங்கள்.