குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய்னு தெரிஞ்ச அன்னைக்கு ராஜினாமா மெயில் அனுப்பாதீங்க

மார்ச் மாசம் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு நண்பன் கூப்பிட்டான். வரி சந்தேகமா இருக்கும்னு நினைச்சு எடுத்தேன். "பாப்பாவுக்கு லுகேமியாவாம்டா"ன்னான். நாலு வயசுக் குழந்தை. மூணு வாரமா விட்டு விட்டுக் காய்ச்சல், அடிபடாமலே காலெல்லாம் நீலத் தழும்பு, முகம் வெளுத்துப் போயிருந்தது. எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்து உறுதி பண்ணிட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. அவனே தொடர்ந்தான். "இவ இன்னைக்கு வேலைய ரிசைன் பண்ணிட்டா. பாப்பா கூடவே இருக்கணும்ல."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் வேலை செய்றது சின்ன கம்பெனி, அங்க குரூப் இன்ஷூரன்ஸ் கிடையாது. குழந்தைக்கு இருந்த ஒரே காப்பீடு, மனைவியோட கம்பெனி தந்த 5 லட்ச ரூபாய் பாலிசி. தனியா ஒரு பாலிசி எடுக்கச் சொல்லி நானே ரெண்டு வருஷமா சொல்லிட்டிருந்தேன். அதை அப்ப சொல்லிக் காட்ட முடியுமா?

கணக்கு இதுதான். வேலையை விட்டா குரூப் காப்பீடும் அதோட போயிடும். அதுக்கப்புறம் புதுசா பாலிசி கேட்டா, சிகிச்சையில இருக்கிற குழந்தைக்குப் பெரும்பாலும் கொடுக்கவே மாட்டாங்க. அப்படியே கொடுத்தாலும், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 36 மாசம் வரைக்கும் காத்திருக்க வைக்கலாம். குழந்தைகளுக்கு அதிகமா வர்ற ஏஎல்எல் வகை லுகேமியாவுக்கு சிகிச்சை பொதுவா ரெண்டுல இருந்து மூணு வருஷம். அதாவது பாலிசி விழிச்சுக்கிறதுக்குள்ள சிகிச்சையே முடிஞ்சிருக்கும். குரூப்ல இருந்து அதே நிறுவனத்தோட தனி பாலிசிக்கு மாற வழி இருக்கு, ஆனா வேலையில இருக்கும்போதே கேக்கணும், அவங்களும் சம்மதிக்கணும்.

"காலையில முதல் வேலையா அந்த மெயிலை வாபஸ் வாங்கச் சொல்லு"ன்னேன். நல்ல வேளை, மேனேஜர் இன்னும் ஏத்துக்கலை.

குழந்தையை விட வேலை பெருசான்னு கேக்காதீங்க. முதல் சில மாசம் ஆஸ்பத்திரியிலேயே கிடக்கணும். ரத்த அணுக்கள் குறைஞ்சிருக்கும்போது சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் ராத்திரியோட ராத்திரியா ஓடணும். கூட ஒருத்தர் முழு நேரமா இருந்தே ஆகணும். ஆனா கூட இருக்கிறது வேற, ராஜினாமா பண்றது வேற. சம்பளமில்லா விடுப்பு கேளுங்க, வீட்ல இருந்து வேலை கேளுங்க. விடுப்புல இருக்கும்போதும் இன்ஷூரன்ஸ் தொடரும்னு ஹெச்ஆர்கிட்ட மெயில்ல வாங்கி வெச்சுக்குங்க. மத்திய அரசு வேலையில இருக்கிற அம்மாவுக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கு. தனியார்ல இருக்கிறவங்க கேட்டு, கெஞ்சித்தான் வாங்கணும்.

நம்ம வீடுகள்ல இதெல்லாம் யாரும் யோசிக்கிறதில்லை. "அம்மா வேலையை விட்டுடட்டும்"னு ஆஸ்பத்திரி வராந்தாவுலயே மாமா, பெரியம்மா எல்லாரும் முடிவு பண்ணிடுவாங்க. யார் பேர்ல காப்பீடு இருக்கோ அவங்க வேலை நிக்கணும், மத்தவங்க விடுப்பு எடுக்கணும். நண்பன் வீட்ல அப்படித்தான் ஆச்சு. அவன்தான் நாலு மாசம் சம்பளமில்லாம குழந்தை கூட இருந்தான். அவங்க மாமனாருக்கு அது இன்னும் ஜீரணமாகலை.

பணம் எப்படிக் கரையும்னு பலருக்குத் தெரியறதில்லை. பைபாஸ் மாதிரி ஒரே பெரிய பில் வந்து முடியற விஷயம் இல்லை இது. முதல் மாசம் கடுமையான கீமோ, அப்புறம் பல மாசம் அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆகி. அதுக்குப் பிறகு மெயின்டனன்ஸ், தினம் ஒரு மாத்திரை, வாரம் ஒரு நாள் இன்னொரு மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. இன்ஷூரன்ஸ் கண்ணுக்கு ஆஸ்பத்திரி பில் மட்டும்தான் தெரியும். பஸ்ல கூட்டிட்டுப் போக பயந்து தினம் பிடிக்கிற ஆட்டோ, ஆஸ்பத்திரி பக்கத்துல எடுக்கிற வாடகை ரூம், வராம போன சம்பளம், இதெல்லாம் உங்க கணக்கு. நண்பன் எழுதி வெச்ச நோட்டைப் பார்த்தேன். முதல் வருஷத்துல அவன் கைக்காசுல பெரிய பங்கு போனது இந்தப் பக்கம்தான், மருந்துக்கு இல்லை.

அதனால முதல் வாரத்துலயே எஃப்டி எல்லாத்தையும் உடைச்சு, நகையை வித்து, பெர்சனல் லோன் போட்டு மொத்தத்தையும் இறக்காதீங்க. டாக்டர்கிட்ட முழு சிகிச்சைக்கும் கட்டம் கட்டமா உத்தேசச் செலவு கேளுங்க. முழுசா முடிச்சா பெரும்பாலான குழந்தைங்க குணமாகிற நோய் இது. பாதியில நிறுத்தினா திரும்ப வர்ற ஆபத்து அதிகம். முடி முளைச்சு, குழந்தை ஓடி ஆடுற கட்டத்துல கை காலியாகி, "நல்லாத்தானே இருக்கா"ன்னு மாத்திரையை நிறுத்துற வீடுகளும் இருக்கு. கடைசி ஆறு மாசத்துக்கும் பணம் மிச்சம் இருக்கணும்.

வரி விஷயம், என் தொழில்ங்கிறதால. பழைய வரி முறையில இருந்தா இந்தச் சிகிச்சைச் செலவுக்கு 40,000 ரூபாய் வரை கழிவு உண்டு. நிபுணரோட மருந்துச் சீட்டு வேணும், இன்ஷூரன்ஸ் கொடுத்ததைக் கழிச்சுக்குவாங்க. நிஜமாச் சொன்னா, இந்தச் செலவுக்கு முன்னாடி அது கொசுறு. இதைவிட முக்கியமானது ஒண்ணு. கம்பெனி உதவி பண்றேன்னு சொன்னா, அதை போனஸா வாங்காதீங்க, முழுசா வரி போகும். வருமான வரித் துறை அங்கீகரிச்ச ஆஸ்பத்திரியில நடக்கிற புற்றுநோய் சிகிச்சைக்கு, பில்லைக் கொடுத்து மருத்துவச் செலவா வாங்கினா வரி கிடையாது. குழந்தையோட சிகிச்சைக்கும் இது பொருந்தும். ஹெச்ஆருக்கே இது தெரியாம இருக்கலாம், நீங்கதான் சொல்லணும்.

நண்பனோட பாப்பா இப்ப யூகேஜி. ராத்திரி மாத்திரை இன்னும் ஏழு மாசம் இருக்கு. அவ அம்மா அதே கம்பெனியிலதான், வாரம் ரெண்டு நாள் வீட்ல இருந்து வேலை. போன வாரம் நண்பன் கூப்பிட்டான். இந்தத் தடவை வரி சந்தேகம்தான்.