பயணச்சீட்டின் இரு நேரங்கள்

கொங்கு நாட்டு இல்லங்கள் பலவற்றில் ஒரு பிள்ளையேனும் சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ பணிபுரிவதை நாம் காண்கிறோம். மகன் விமானமேறும் இரவில் பெற்றோர்க்கு உறக்கமில்லை. பயணச்சீட்டிலுள்ள இரு நேரங்களைக் கழித்துப் பார்த்தே பலர் கலங்குகின்றனர்.

கோவை பீளமேட்டிலிருந்து சிங்கப்பூர் வான்வழியே ஏறத்தாழ 3,150 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நான்கரை மணி அளவே. எனினும் புறப்படும் நேரம் நம் நாட்டுக் கணக்கிலும், சேரும் நேரம் அந்நாட்டுக் கணக்கிலும் அச்சிடப்படுகின்றன. 1982 சனவரி 1 முதல் சிங்கப்பூர்க் கடிகாரம் நமதைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. எனவே போகையில் ஏழு மணியாகத் தோன்றும் பயணம், வருகையில் இரண்டு மணியாகத் தோன்றுகிறது.

மேற்கே ஷார்ஜாவுக்கோ இது நேர்மாறு. தொலைவு ஏறத்தாழ 2,750 கிலோமீட்டர். பறப்பது நான்கு மணி. அந்நாட்டு நேரம் ஒன்றரை மணி பிந்தியதாதலால் சீட்டில் தெரிவது இரண்டரை மணியே. அதை நம்பி, "இன்னும் பேசவில்லையே!" எனத் தாய் பதறும் வேளையில் மகன் அரபிக் கடலின்மேல் பறந்துகொண்டிருப்பான். இறங்கிய பின்னும் குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிகளைப் பெறுவதற்கும் ஒரு மணி செல்லலாம்.

ஆகவே பெற்றோரே, பிள்ளை புறப்படுமுன் சேரும் நேரத்தை நம் நாட்டுக் கணக்கில் மாற்றி, அதனுடன் ஒரு மணி கூட்டி, சுவர் நாட்காட்டியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வீண் கலக்கம் அகலும். அவ்விரவில் சற்றே கண்ணயரவும் இயலும்.